பொதுத்தொகுதி யாருக்குச் சொந்தம்?

தனித்தொகுதி என்றால் என்ன என்று மம்சாபுரத்தில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார்கள். பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடக்கூடிய தொகுதி. நாம் வாக்களிப்பதே அப்படிப்பட்ட ஒரு தொகுதியில்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் தென்காசி நாடாளுமன்றத் தனித்தொகுதிக்குள் வருகின்றன.

அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பொதுத்தொகுதி என்றால் என்ன? "அது மத்தவங்க நிக்கிறது" என்று பதில் வரும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். கட்சியில் கொடி பிடித்து முடி நரைத்தவர்களும் இதையே சொல்கிறார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத இந்த விளக்கம், சட்டத்தைவிடப் பலமாக நம் மனத்தில் உட்கார்ந்திருக்கிறது. கட்சிகளின் வேட்பாளர் பட்டியல் இந்த நினைப்பில்தான் தயாராகிறது. நம் விருப்ப மனுவும் இந்த நினைப்பில்தான் எழுதப்படுகிறது.

இந்த நினைப்பு பொய் என்று காட்டிய ஓர் இடைத்தேர்தல் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முந்திய அந்தத் தேர்தலை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மாணவர்கள் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். அதனால் அதை இங்கே விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

திருச்சியில் நடந்தது

1998, 1999 ஆகிய இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களிலும் திருச்சிராப்பள்ளியில் வென்றவர் பாரதிய ஜனதா கட்சியின் ரங்கராஜன் குமாரமங்கலம். ஒன்றிய மின்துறை அமைச்சராக இருந்தவர். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ப. சுப்பராயனின் பேரன், மோகன் குமாரமங்கலத்தின் மகன். ஜமீன் வழி வந்த, மூன்று தலைமுறையாக அரசியலில் இருந்த குடும்பம் அது. 2000 ஆகஸ்ட் 23 அன்று அவர் காலமானார். திருச்சி நாடாளுமன்றத் தொகுதி காலியானது.

திருச்சி பொதுத்தொகுதி. இடைத்தேர்தல் 2001 மே மாதம், சட்டமன்றப் பொதுத்தேர்தலோடு சேர்ந்து நடந்தது. பா.ஜ.க. அப்போது தி.மு.க. கூட்டணியில் இருந்தது. அந்தக் கட்சி நடிகர் எம்.என். நம்பியாரின் மகன் சுகுமாரன் நம்பியாரை நிறுத்தியது. அ.தி.மு.க. நிறுத்திய வேட்பாளரின் பெயர் தலித் எழில்மலை.

பெயரைக் கவனியுங்கள். சாதியை மறைத்துக்கொண்டு நின்றவர் அல்லர் அவர். வாக்குச்சாவடிக்குள் போன ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி, 'தலித்' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றவர். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. இயந்திரத்தில் அந்தப் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். 'வேட்பாளர் யார் என்று தெரியாமல் சின்னத்துக்குப் போட்டுவிட்டார்கள்' என்று சொல்லி இதைத் தாண்டிப்போக முடியாது.

அவர் திருச்சிக்காரரும் அல்லர்; வட மாவட்டத்தில் பிறந்தவர். 1998இல் பாட்டாளி மக்கள் கட்சி சார்பில் சிதம்பரம் தனித்தொகுதியில் வென்று, வாஜ்பாய் அமைச்சரவையில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் தனிப்பொறுப்பு இணையமைச்சராக இருந்தார். பிறகு பா.ம.க.வை விட்டு அ.தி.மு.க.வுக்கு வந்தார். உள்ளூர்க்காரர் என்ற பலமும் இல்லை. சாதிப் பெரும்பான்மை என்ற பலமும் இல்லை. தமிழ்நாட்டில் தலித் வாக்கை மட்டும் வைத்து எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் வெல்ல முடியாது, திருச்சியிலும் முடியாது.

அவர் வென்றார். பா.ஜ.க. வசம் இருந்த தொகுதி அ.தி.மு.க. கைக்கு மாறியது. ஜமீன் குடும்பத்து அமைச்சர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு, பொதுத்தொகுதி மக்கள் ஒரு தலித்தை அனுப்பிவைத்தார்கள்.

இந்தத் தொகுதி மாற்றத்தை அன்றைக்கு எல்லாரும் கட்சிக் கணக்கில்தான் எழுதிவைத்தார்கள். பா.ஜ.க.வுக்கு ஒன்று குறைந்தது, அ.தி.மு.க.வுக்கு ஒன்று கூடியது. அதில் இன்னொரு கணக்கு இருந்ததை நாம்தான் எழுதிவைத்திருக்க வேண்டும்.

நான்கு ஆண்டு இடைவெளி

அந்த வெற்றியின் அளவு தெரிய வேண்டுமானால், அதற்கு நான்கே ஆண்டு முன்னால் நம் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்து வெள்ளைக்காரனை எதிர்த்து மாண்டவர் சுந்தரலிங்கம். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். தென் மாவட்டங்களில் மோதல் வெடித்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரம் அந்த ஆண்டுகளில் பட்ட பாட்டை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அரசு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது.

ஒரு தலித் வீரனின் பெயரைப் பேருந்தின் பக்கவாட்டில்கூடத் தாங்க முடியாது என்று சொன்ன அதே மாநிலத்தில்தான், நான்கு ஆண்டு கழித்து, தலித் என்ற சொல்லோடு தொடங்கும் பெயருக்கு ஒரு பொதுத்தொகுதி வாக்களித்தது. திருச்சியில் சாதி இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருச்சி மாவட்டத்துக் கிராமங்களிலும் ஊர் வேறு, சேரி வேறுதான். சாதி இருந்துகொண்டேதான் அந்த வாக்கும் விழுந்தது. நாம் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

"அது அலை" என்பவர்களுக்கு

இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு வரும். "அது அ.தி.மு.க. அலை அடித்த தேர்தல். த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள் என்று பெரிய கூட்டணி. யாரை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார்." நம் ஆட்களே இப்படிச் சொல்கிறார்கள்.

உண்மைதான். அலை அடித்தது. அ.தி.மு.க. மட்டுமே 132 சட்டமன்ற இடங்களைப் பிடித்த தேர்தல் அது. ஆனால் இந்த மறுப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். "யாரை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார்" என்றால், தலித்தை நிறுத்தினாலும் ஜெயிப்பார் என்றுதானே அர்த்தம்? அப்படியானால், ஒவ்வொரு தேர்தலிலும் பொதுத்தொகுதிக்கு வேட்பாளர் தேடும்போது "தலித்தை நிறுத்தினால் மற்ற சாதிக்காரன் ஓட்டுப் போடமாட்டான்" என்று மாவட்டச் செயலாளர் சொல்கிறாரே, அந்தப் பேச்சு எங்கே போனது?

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குத் திருச்சி வாக்காளர் கையில் ஒரே நாளில் இரண்டு வாக்குகள் இருந்தன. சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று. சாதி பார்த்து ஒதுக்க நினைத்தவர்களுக்கு வழி எளிதாகவே இருந்தது. ஆட்சி மாற்றத்துக்கான வாக்கைச் சட்டமன்ற வேட்பாளருக்குப் போட்டுவிட்டு, நாடாளுமன்ற வாக்கை மட்டும் மாற்றிப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் சிலர் இருந்திருக்கலாம். தேர்தல் முடிவையே மாற்றும் அளவுக்கு அவர்கள் இல்லை.

எல்லாக் கட்சிக்கும் எல்லாத் தேர்தலிலும் ஏதோ ஓர் அலை, ஏதோ ஒரு கூட்டணி பலம் இருக்கத்தான் செய்கிறது. அந்த அலையில் ஏறிக் கரைசேரும் படகில் யாரை உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்வது வாக்காளர் அல்லர், கட்சித் தலைமை. கதவுக்குத் தாழ்ப்பாள் கட்சி அலுவலகத்தில் இருக்கிறது. நாம் ஊர் மந்தையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் சொல்வது

தனித்தொகுதியில் பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கலாம். வாக்கு எல்லாரும் போடுவார்கள். பொதுத்தொகுதியில் எல்லாரும் நிற்கலாம். இந்த 'எல்லாரும்' என்பதில் நமக்கு இடமுண்டா என்ற ஐயமே யாருக்கும் வரக்கூடாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தன் 55ஆம் பிரிவில் தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. ஒதுக்கீடு செய்யப்படாத இடத்தில் உறுப்பினராக இருக்கப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எந்தத் தடையும் இல்லை என்பது அந்தப் பிரிவின் சாரம்.

வைப்புத்தொகையிலும் இது தெரியும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர் இதில் பாதி கட்டினால் போதும். தனித்தொகுதியில் நின்றால்தான் பாதி என்பதில்லை. பொதுத்தொகுதியில் நின்றாலும் பாதிதான். சாதிச் சான்றிதழை இணைக்க வேண்டும், அவ்வளவுதான். தலித்துகள் பொதுத்தொகுதியில் நிற்பார்கள் என்று சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. எதிர்பார்க்காதவை கட்சிகள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு பேர்

தனி, பொது என்ற இந்தப் பிரிப்பு எப்போதும் இப்படியே இருந்ததில்லை. அதற்குச் சாட்சி நம் ஊர்ப்பக்கமே இருக்கிறது. 1957 நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஓர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒரு இடம் பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். அந்தத் தேர்தலில் இங்கிருந்து டெல்லிக்குப் போனவர்கள் முத்துராமலிங்கத் தேவரும், காங்கிரசின் ஆர்.எஸ். ஆறுமுகமும். முதலாமவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். இரண்டாமவரும் இதே தொகுதியின் உறுப்பினர்தான் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரட்டை உறுப்பினர் முறையில் எண்ணிக்கைக்கு ஒரு விதி இருந்தது. முதலில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு ஒதுக்கீட்டு இடம். பிறகு மீதமிருக்கும் எல்லாரிலும் யார் அதிக வாக்கு வாங்கினாரோ, அவர் எந்தச் சாதியாக இருந்தாலும், அவருக்குப் பொது இடம். அதாவது இரண்டு இடங்களையும் ஒதுக்கப்பட்ட சமூகத்தினரே பிடிக்கவும் வழி இருந்தது.

அதே 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் அப்படியே நடந்தது. அங்கே ஒரு இடம் பழங்குடிக்கு ஒதுக்கப்பட்டது. எண்ணி முடித்தபோது இரண்டு இடங்களும் பழங்குடி வேட்பாளர்களுக்கே போய்விட்டன. தோற்றவர் சாதாரண ஆள் அல்லர். ஒன்றியத் தொழிலாளர் அமைச்சராக இருந்தவரும் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவருமான வி.வி. கிரி. ஒதுக்கீடு உள்ள சமூகத்தைச் சேர்ந்தவருக்குப் பொது இடமும் எப்படிப் போகலாம் என்று அவர் வழக்காடினார். போகலாம் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பொது இடம் என்பது யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுக்குள், 1961இல், இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்தது. தொகுதி பெரிதாக இருக்கிறது, வேட்பாளருக்குச் சுற்றிவர முடியவில்லை, செலவு கட்டுபடியாகவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் விளைவு என்ன? ஒரே தொகுதிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு இடங்கள், இரண்டு தனித்தனி ஊர்களாகப் பிரிந்தன. இது உன்னுடையது, அது என்னுடையது என்ற பேச்சு அதற்குப் பிறகு கட்சிகளுக்கு எளிதாகிவிட்டது. ஊர், காலனி என்று தெருவில் இருந்த பிரிவினை தொகுதி வரைபடத்திலும் வந்து உட்கார்ந்தது.

ராஜபாளையம் கேட்கும் கேள்வி

இதை இன்னும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2006 சட்டமன்றத் தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2011 முதல், இது தலைகீழானது. ராஜபாளையம் பொது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனி.

ராஜபாளையம் தனித்தொகுதியாக இருந்த காலமெல்லாம் தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் அங்கே தலித் வேட்பாளர்கள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பவும் செய்தார்கள். நூற்பாலைத் தொழிலாளியும் கடைக்காரரும் விவசாயியும் சாதி வித்தியாசமில்லாமல் அவர்களுக்கு வாக்களித்தார்கள். தொகுதியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சொல் மாறியதும், அத்தனை தலித் தலைவர்களும் ஒரே நாளில் தகுதி இழந்துவிட்டார்களா? நேற்றுவரை அவர்களுக்கு வாக்களித்த மக்கள் இன்று போடமாட்டார்கள் என்று எந்த ஜோசியர் சொன்னார்?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலின் முடிவையும் வெளியிட்டிருக்கிறது. 2011இலிருந்து ராஜபாளையத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் நிறுத்தியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு முந்திய தேர்தல்களின் பட்டியலைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு இதேபோல மாவட்டத்தின் மற்றப் பொதுத்தொகுதிகளுக்கும் எழுதுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களோடு பேசுங்கள். நாம் நூறு கூட்டம் போட்டுச் சொல்வதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டின் 39 நாடாளுமன்றத் தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள். 234 சட்டமன்றத் தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு 44. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. ஒதுக்கப்பட்ட இந்த இடங்கள் நமக்கான குறைந்தபட்சம். அரசமைப்பு அதைத் தரை என்று வைத்தது. கட்சிகள் அதைக் கூரையாக மாற்றிவிட்டன.

கட்சியின் கைப்பிடி

கட்சிதான் எல்லாம் என்பதை நம் வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. பாபாசாகேப் அம்பேத்கரே 1952இல் பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றும் தோற்றார். அவரைவிடத் தகுதியான ஆள் இந்தியாவில் இருந்தாரா? அவரை வென்றவர்களும் பட்டியல் சாதிக்காரர்களே. ஆனால் காங்கிரசின் வேட்பாளர்கள். தனித்தொகுதியிலும் பெரிய கட்சியின் சீட்டு இல்லாமல் கரையேறுவது கடினம் என்பதே அன்றைய பாடம். அதே கட்சிச் சீட்டு இருந்தால் பொதுத்தொகுதியிலும் கரையேறலாம் என்பது திருச்சியின் பாடம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2001 தேர்தலில் ஒரு வினோதமும் நடந்தது. புதிய தமிழகமும் விடுதலைச் சிறுத்தைகளும் அப்போது தி.மு.க. - பா.ஜ.க. அணியில் இருந்தன. புதிய தமிழகம் ஓரிடமும் வெல்லவில்லை. திருமாவளவன் மங்களூர் தனித்தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். எதிரணியின் வேட்பாளராக ஒரு தலித் திருச்சிப் பொதுத்தொகுதியில் வென்றார். தலித் இயக்கங்கள் கூட்டணியில் தனித்தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பொதுத்தொகுதியின் கதவை ஒரு பெரிய கட்சி தானாகத் திறந்துவிட்டது. அதைப் பிடித்துத் திறந்தே வைத்திருக்க வேண்டியவர்கள் நாம். ஒரு தலைமை எடுத்த ஒரு முடிவு, வழக்கமாக மாறாமல் ஒற்றைச் சம்பவமாகவே நின்றுபோனது. எழில்மலை 2020 மே மாதம் காலமானார். கொரோனா ஊரடங்கு நேரம். அந்தத் திருச்சி வெற்றியைப் பற்றி ஒரு நல்ல கூட்டம்கூட அப்போது நம்மால் நடத்த முடியவில்லை.

பிறகு 2021 சட்டமன்றத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நாகப்பட்டினம், திருப்போரூர் ஆகிய பொதுத்தொகுதிகளைக் கூட்டணியில் கேட்டுப் பெற்று, இரண்டிலும் வென்றது. தலித் தலைமையிலான கட்சிக்கும் பொதுத்தொகுதி மக்கள் வாக்களிப்பார்கள் என்பதை அது காட்டியது. கேட்டுப் பெற்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வடக்கிலும் இந்தக் கதை உண்டு. 1988இல் அலகாபாத் இடைத்தேர்தலில் காங்கிரசிடமிருந்த தொகுதியை வி.பி. சிங் பிடித்தார். நாடே அந்த வெற்றியைப் பேசியது. அந்தப் பொதுத்தொகுதியில் நின்று மூன்றாமிடம் வந்த கன்ஷிராமைப் பலர் கவனிக்கவில்லை. அவரோ, தோற்றாலும் பரவாயில்லை, பொதுத்தொகுதியில் நிற்பதே அரசியல் என்று நின்றவர். 1991இல் எட்டாவா பொதுத்தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். 2024இல் அயோத்தி அடங்கிய பைசாபாத் பொதுத்தொகுதியில் சமாஜ்வாதி கட்சி அவதேஷ் பிரசாத் என்ற தலித் தலைவரை நிறுத்தியது. ராமர் கோயில் திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பா.ஜ.க. வசம் இருந்த தொகுதியை அவர் 54,567 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். சாதிக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்தில் நடந்தது, பெரியார் மண் என்று மேடைதோறும் பேசப்படும் தமிழ்நாட்டில் ஏன் அபூர்வமாக இருக்கிறது? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த மேடையில் இருப்பவர்கள்.

இடஒதுக்கீடு வேண்டாமா?

நாம் சொல்வதை வேறு மாதிரி திருப்பவும் ஆட்கள் இருக்கிறார்கள். "பொதுத்தொகுதியிலேயே ஜெயிக்க முடியும் என்கிறீர்கள். அப்புறம் எதற்குத் தனித்தொகுதி?" என்பார்கள்.

அவர்களுக்கு நம் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலைக் காட்டுகிறோம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தைக் காட்டுகிறோம். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக 1996இலிருந்து பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை; 2006இல்தான் நடந்தது. மேலவளவைக் காட்டுகிறோம். ஒதுக்கப்பட்ட பதவியில் நின்று வென்ற குற்றத்துக்காக ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டம் ஒதுக்கிய இடத்திலேயே உட்கார விடாத ஊர்கள் இருக்கும்வரை ஒதுக்கீட்டில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. தனித்தொகுதி உரிமை. பொதுத்தொகுதியும் உரிமை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் பண்டமாற்று இதில் கிடையாது.

அதோடு, தனித்தொகுதி உறுப்பினர்களின் இக்கட்டு ஒன்றுக்கும் இதில் மருந்து இருக்கிறது. தனித்தொகுதியில் வென்ற பலரும் கட்சிக்குள் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று நாம் குறைபடுகிறோம். அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அடுத்த முறையும் அந்த ஒரே இடத்துக்குத்தான் அவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அதே இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். நம்மவர்களே நம்மவர்களோடு முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொதுத்தொகுதியிலும் நிற்கலாம், அங்கும் கட்சி தன்னை நிறுத்தும் என்ற நிலை வந்தால், அந்த உறுப்பினரின் முதுகு கொஞ்சம் நிமிரும்.

நாம் செய்ய வேண்டியது

இனி வரும் தேர்தல்களில் கட்சிக்காரர்கள் நம் தெருவுக்கும் வருவார்கள். சாலை கேட்போம், தண்ணீர் கேட்போம், சுடுகாட்டுக்குப் பாதை கேட்போம். கேட்க வேண்டியவைதான். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இந்த மாவட்டத்தின் பொதுத்தொகுதிகளில் உங்கள் கட்சி எங்கள் ஆள் ஒருவரை எப்போது நிறுத்தும்?" சிரித்து மழுப்புவார்கள். அடுத்த முறையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் கேட்டால் அந்தக் கேள்வி மாவட்ட அலுவலகம் வரை போகும்.

கட்சிகளில் இருக்கும் நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருப்ப மனு கொடுக்கும்போது தனித்தொகுதியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ராஜபாளையத்துக்கும் எழுதுங்கள். நேர்காணலில் ஏன் பொதுத்தொகுதி கேட்கிறாய் என்று கேட்டால், திருச்சியைச் சொல்லுங்கள். மனு நிராகரிக்கப்படலாம். மனுவே வரவில்லை என்று அவர்கள் சொல்லும் வாய்ப்பையாவது பறித்துவிடலாம்.

உள்ளாட்சியில் இதற்கு இன்னும் எளிதான வாசல் இருக்கிறது. மம்சாபுரம் பேரூராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் பொது வார்டுகள் இருக்கின்றன. 21 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நம் பிள்ளைகள் அங்கே நிற்கலாம். எதிர்த் தெருவுக்கும் போய்க் கைகூப்பி வாக்குக் கேட்க வேண்டிவரும். சில வாசலில் முகம் திருப்பிக்கொள்வார்கள். சில வாசலில் உட்காரச் சொல்வார்கள். எந்த வாசல் எப்படி என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். போகாமலே 'போடமாட்டார்கள்' என்று நாமே முடிவு செய்வது, நம்மைத் தள்ளிவைப்பவர்களின் வேலையை நாமே செய்துகொடுப்பது.

எதிர்த் தெருவில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் கட்சிகள் நமக்குக் கதவடைக்கின்றன. "அவர்கள் ஏற்கமாட்டார்கள்" என்று உங்களைக் காரணம் காட்டுகின்றன. அது உண்மையில்லை என்றால், உங்கள் கட்சிக் கிளைக் கூட்டத்தில் எழுந்து அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். திருச்சி மக்கள் 2001இல் வாக்கால் அதைச் சொன்னார்கள். நம் மாவட்டத்துக்கு அதைச் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கப்படவில்லை. அந்த வாய்ப்பைத்தான் நாம் கேட்கிறோம்.